ஆஃப்லைன் ஃபைல்ஸ் கேஷை டி டிரைவுக்கு மாற்றிய பிறகு சிங்க் நின்றுவிட்டதா?

விண்டோஸில் உள்ள ஆஃப்லைன் ஃபைல்ஸ் வசதி, சர்வர் ஷேரில் இருக்கும் ஃபைல்களின் நகலை லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளும். நெட்வொர்க் இல்லாத இடத்திலும் அதே பாதையில் அவற்றைத் திறக்கலாம். மறுபடி இணைந்ததும் லேப்டாப்பிலும் சர்வரிலும் உள்ளவற்றை ஒன்றாக்குவதுதான் சிங்க். கேஷ் எனப்படும் அந்த நகல்கள் தங்குவது சி:\விண்டோஸ்\சிஎஸ்சி என்ற ஃபோல்டரில். 128 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ், ஆஃபீஸ், மெயில் எல்லாம் போக மிச்சமிருப்பதை இந்த ஒரு ஃபோல்டரே விழுங்கிவிடும். அதனால்தான் பலர் இதை டி டிரைவுக்குத் தள்ளுகிறார்கள். பிறகு சிங்க் நின்றுவிட்டது, ஃபைல்கள் காணவில்லை என்று தேட ஆரம்பிக்கிறார்கள்.

இந்தத் தேடலில் முதலில் மனதில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் கேஷின் இடத்தை மாற்றினால் பழைய கேஷ் புது இடத்துக்குப் போகாது. புது இடத்தில் காலியான ஒரு கேஷ் உருவாகும், பழையது அப்படியே சி டிரைவில் கிடக்கும். சர்வரில் உள்ள ஃபைல்கள் திரும்ப இறங்கிவிடும், அதில் கவலையில்லை. ஆனால் ஆஃப்லைனில் திருத்தி, இன்னும் சர்வருக்குப் போகாத மாற்றங்கள் உலகத்திலேயே அந்தப் பழைய ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கின்றன. பழைய சிஎஸ்சி ஃபோல்டரை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். மற்ற தவறுகள் எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளலாம்.

இடமாற்றத்தை இன்னும் செய்யவில்லை என்றால் வேலை சுலபம். கன்ட்ரோல் பேனலில் சிங்க் சென்டரைத் திறந்து எல்லாவற்றையும் சிங்க் செய்யுங்கள். மோதல்கள், பிழைகள் இரண்டு பட்டியலும் காலியாக இருக்க வேண்டும். ஒரே லேப்டாப்பைப் பலர் பயன்படுத்தினால் ஒவ்வொருவரும் லாகின் செய்து இதைச் செய்ய வேண்டும். ஒருவருடைய சிங்க் இன்னொருவருடைய மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்பும் என்று நம்ப வேண்டாம். அங்கிருந்து திறக்கும் ஆஃப்லைன் ஃபைல்ஸ் ஜன்னலின் என்கிரிப்ஷன் டேபில் கேஷ் என்கிரிப்ட் ஆகியிருந்தால் அதையும் முதலில் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் பழைய ஃபோல்டரிலிருந்து எதையாவது மீட்க வேண்டி வந்தால் அட்மினாக இருந்தும் திறக்க முடியாது.

மாற்றம் நடக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கேஎல்எம் (எச்கீ லோக்கல் மெஷின்) கீழே சிஸ்டம், அதற்குள் கரண்ட் கன்ட்ரோல் செட், அதற்குள் சர்வீசஸ், அதற்குள் சிஎஸ்சி, அதற்குள் பாராமீட்டர்ஸ். பாராமீட்டர்ஸ் என்ற கீ இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம். அதில் கேஷ் லொகேஷன் என்ற பெயரில் புது ஸ்ட்ரிங் வேல்யூ. ஆங்கிலத்தில் டைப் செய்யும்போது இரண்டு சொற்களையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுத வேண்டும். அதன் மதிப்பு:

\??\டி:\சிஎஸ்சி

முன்னால் உள்ள அந்த பேக்ஸ்லாஷ், இரண்டு கேள்விக்குறி, பேக்ஸ்லாஷ் ஆகியவற்றை அச்சுப்பிழை என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் நிறைய. கேஷைத் திறப்பது எக்ஸ்ப்ளோரர் அல்ல, விண்டோஸின் மையமான கெர்னலில் ஓடும் சிஎஸ்சி டிரைவர். அதற்கு, இப்படி \??\ என்று தொடங்கும் என்டி வடிவப் பாதைதான் புரியும். வெறும் டி:\சிஎஸ்சி என்று கொடுத்தால் அது அதற்குப் பாதையே அல்ல. கடைசியில் பேக்ஸ்லாஷ் வேண்டாம். பிறகு ரீஸ்டார்ட். சர்வீஸை மட்டும் நிறுத்தித் தொடங்குவது போதாது, டிரைவர் இந்த மதிப்பைப் படிப்பது கம்ப்யூட்டர் துவங்கும்போதுதான்.

இனி பழுது பார்ப்பது. எக்ஸ்ப்ளோரரில் டி:\சிஎஸ்சி என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் படுகிறது என்பதற்காகக் கேஷ் அங்கே வந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். அந்த ஃபோல்டரை நீங்களே கையால் உருவாக்கியிருக்கலாம். விண்டோஸையே கேட்பதுதான் சரி. அட்மினாகப் பவர்ஷெல் திறந்து, கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கட்டளைக்கு வின்32_ஆஃப்லைன்ஃபைல்ஸ்கேஷ் என்ற கிளாஸ் பெயரைக் கொடுங்கள். வரும் விடையில் மூன்று வரிகள் முக்கியம்: ஆக்டிவ், எனேபிள்ட், லொகேஷன்.

லொகேஷன் இன்னும் சி:\விண்டோஸ்\சிஎஸ்சி என்றே வந்தால் உங்கள் ரெஜிஸ்ட்ரி மதிப்பை டிரைவர் கண்டுகொள்ளவே இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் மதிப்பைப் போட்ட இடம் தவறாக இருக்கும். சர்வீசஸ் கீழே சிஎஸ்சி என்று ஒரு கீயும், சிஎஸ்சி சர்வீஸ் என்று இன்னொரு கீயும் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது டிரைவர், இரண்டாவது சர்வீஸ். கேஷ் லொகேஷன் போக வேண்டியது டிரைவரின் கீயில். இரண்டாவதில் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, ஒன்றும் நடக்கவும் செய்யாது. பெயரில் நுழைந்த ஒரு இடைவெளியும், ஸ்ட்ரிங்குக்குப் பதில் எக்ஸ்பாண்டபிள் ஸ்ட்ரிங் தேர்ந்தெடுத்ததும் அடுத்துப் பார்க்க வேண்டியவை.

எனேபிள்ட் ட்ரூ (சரி) என்றும் ஆக்டிவ் ஃபால்ஸ் (தவறு) என்றும் வந்தால் ரீஸ்டார்ட் பாக்கியிருக்கலாம். ரீஸ்டார்ட் செய்த பிறகும் அப்படியே நின்றால், புது இடத்தில் கேஷைத் திறக்க டிரைவரால் முடியவில்லை. \??\ என்ற முன்னொட்டு விட்டுப்போன பாதையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அடுத்து, ஸ்டார்ட் மதிப்புகள். சிஎஸ்சி கீயில் ஸ்டார்ட் 1 ஆகவும், சிஎஸ்சி சர்வீஸ் கீயில் 2 ஆகவும் இருக்க வேண்டும். 4 என்றால் முடக்கப்பட்டிருக்கிறது. இடமாற்றத்துக்கு முன் ஆஃப்லைன் ஃபைல்ஸை அணைத்துவிட்டுத் திரும்ப இயக்க மறந்தவர்களுக்கு இந்த 4 தான் தெரியும். எண்ணைக் கையால் மாற்றுவதைவிட, சிங்க் சென்டரில் ஆஃப்லைன் ஃபைல்ஸை நிர்வகிக்கும் ஜன்னலிலிருந்தே இயக்கி ரீஸ்டார்ட் செய்வது நல்லது.

மூன்றாவது காரணம் டிரைவ்தான். சிஎஸ்சி டிரைவர் மிகச் சீக்கிரம் எழுந்துவிடும், நீங்கள் லாகின் செய்வதற்கு வெகுமுன்பே. அந்த நேரத்தில் டி டிரைவ் தயாராக இருந்தாக வேண்டும். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க், எஸ்டி கார்டு போன்றவற்றில் கேஷை வைத்தால் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. டிரைவ் எழுத்து மாறினால் அத்தோடு போச்சு. டி டிரைவில் டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டு, லாகினுக்குப் பிறகு பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்கிறீர்கள் என்றால் அந்த டிரைவ் இதற்கு லாயக்கில்லை. லேப்டாப்புக்குள்ளேயே நிலையாக இருக்கும், என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் செய்த டிரைவ் மட்டும்தான் சரி. அப்படி ஒன்று இல்லையென்றால் கேஷை சி டிரைவிலேயே விட்டுவிட்டு அதன் அளவைக் குறைப்பதே மேல். சி:\விண்டோஸ்\சிஎஸ்சியை ஜங்ஷனாக மாற்றி டி டிரைவுக்குத் திருப்பிவிடும் குறுக்குவழியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இதற்கென்றே ரெஜிஸ்ட்ரி மதிப்பு இருக்கும்போது அந்த வம்பு தேவையில்லை.

ஆக்டிவும் சரி, லொகேஷனும் சரி, ஆனால் சிங்க் செய்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்று வருகிறதா? பிரச்சினை சர்வரிலா, கேஷிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. சர்வர் பெயரை ஒட்டி, டாலர் குறி, என்ஓசிஎஸ்சி, மறுபடி டாலர் குறி என்று சேர்த்து எழுதினால் விண்டோஸ் கேஷைத் தொடாமல் நேரே சர்வருக்குப் போகும்:

\\சர்வர்$என்ஓசிஎஸ்சி$\ஷேர்

இந்தப் பாதையில் ஃபைலைத் திறந்து, திருத்தி, சேமித்துப் பாருங்கள். இதிலும் மறுத்தால் சர்வரில் ஷேர் அனுமதியையும் என்டிஎஃப்எஸ் அனுமதியையும் பார்க்க வேண்டும், இடமாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே வேலை செய்து, சாதாரணப் பாதையில் மட்டும் மறுத்தால் குற்றம் கேஷில்.

கேஷில் அனுமதி கெடுவதற்கு வழக்கமான காரணம், பழைய சிஎஸ்சியின் உள்ளடக்கத்தை எக்ஸ்ப்ளோரரிலோ எக்ஸ்காப்பி கட்டளையிலோ புது இடத்துக்கு நகலெடுத்தது. நல்லெண்ணத்தில் செய்வதுதான், 40 ஜிபியைத் திரும்ப இறக்க வேண்டாமே என்று. ஆனால் கேஷ் என்பது வெறும் ஃபைல் குவியல் அல்ல. எந்த ஃபைல் எந்தப் பயனருக்கு உரியது, எது திருத்தப்பட்டது, எது பின் செய்யப்பட்டது (எப்போதும் ஆஃப்லைனில் கிடைக்கக் குறிக்கப்பட்டது) என்ற குறிப்புகளும் அதற்குள் இருக்கின்றன. சாதாரண நகலில் இவை ஒழுங்காக வந்து சேராது. அட்மினாக ஓனர்ஷிப் எடுத்திருந்தால் சிஸ்டம் கணக்கின் முழு அனுமதியும் போயிருக்கும். இந்த நிலையில் அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. புதுக் கேஷை வெறுமையாக்கித் திரும்ப உருவாக்குங்கள்.

அதற்கான வழி, அதே பாராமீட்டர்ஸ் கீயில் ஃபார்மேட் டேட்டாபேஸ் என்ற பெயரில் ஒரு டிவேர்டு (எண் வகை) வேல்யூ, மதிப்பு 1. இதையும் ஆங்கிலத்தில் சேர்த்து எழுத வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால் கேஷ் முழுதும் துடைக்கப்பட்டுப் புதிதாக உருவாகும், அந்த மதிப்பும் தானாக மறைந்துவிடும். சிங்க் ஆகாத மாற்றங்கள் இருந்தால் அவையும் போய்விடும், யாரிடமும் கேட்காது. புதுக் கேஷ் வந்த பிறகு ஆஃப்லைனில் ஏதாவது திருத்தியிருந்தால் அதை முதலில் வேறு ஃபோல்டரில் சேமித்துவிட்டு இதைச் செய்யுங்கள். எக்ஸ்பியில் இந்த மதிப்பு போகும் இடம் வேறு, கேஷின் அமைப்பும் வேறு. விஸ்டாவில்தான் இந்த வசதி புதிதாக எழுதப்பட்டது, நான் சொல்வதெல்லாம் விஸ்டாவுக்குப் பிந்தையவற்றுக்கு.

இனி, எல்லாம் சரியாக ஓடுகிறது ஆனால் ஃபைல்கள் குறைகின்றன என்ற நிலை. டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்கள் ஃபோல்டர் ரீடைரக்ஷன் வழியாகச் சர்வருக்குப் போயிருந்தால் அவை தாமாகவே மறுபடி பின் ஆகும். நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்கு விதி வகுக்கும் குரூப் பாலிசியில் அட்மின் நியமித்தவையும் திரும்ப வரும். ஆனால் பயனர் தானே ரைட் கிளிக் செய்து எப்போதும் ஆஃப்லைனில் கிடைக்குமாறு வைத்த ஃபோல்டர்களைப் புதுக் கேஷ் அறியாது. அவற்றை மறுபடி ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். இடமாற்றத்துக்கு முன் அந்தப் பட்டியலை எழுதி வைப்பது சில நிமிட வேலை. வைக்கவில்லையென்றால் பழைய ஃபோல்டரே சொல்லும். சி:\விண்டோஸ்\சிஎஸ்சிக்குள் வி2.0.6, அதற்குள் நேம்ஸ்பேஸ், அதற்குள் சர்வர் பெயர், ஷேர் பெயர் என்று வரிசையாக, அசல் பெயர்களிலேயே எல்லாம் இருக்கும்.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். 100 எம்பிபிஎஸ் கேபிளில் நொடிக்கு 11 எம்பி அளவில்தான் நடைமுறையில் கிடைக்கும். 40 ஜிபி இறங்க ஒரு மணி நேரம், சின்னச் சின்ன ஃபைல்கள் அதிகமென்றால் இன்னும் கூடுதல். மாற்றிய அன்றே லேப்டாப்பை ஊருக்கு எடுத்துப் போனால் பாதி ஃபைல்கள் இருக்காது. சிங்க் முழுதாக முடியும்வரை ஆபீஸ் நெட்வொர்க்கிலேயே வைத்திருங்கள்.

இடம் போதவில்லை என்ற பிழை பெரிய டி டிரைவிலும் வரும். டிரைவில் எவ்வளவு காலி என்பதைவிட கேஷுக்கு எவ்வளவு வரம்பு என்பதுதான் இங்கே கணக்கு. எதையும் மாற்றாவிட்டால் காலி இடத்தில் 25 சதவீதம்தான் வரம்பாக இருக்கும். அதே ஆஃப்லைன் ஃபைல்ஸ் ஜன்னலின் டிஸ்க் யூஸேஜ் டேபில் வரம்பை உயர்த்தலாம். அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தால் குரூப் பாலிசி அதைப் பிடித்துவைத்திருக்கிறது. பாலிசியில் அளவு எம்பியில் கொடுக்கப்படுகிறது. ஜிபி என்று நினைத்து யாராவது 50 என்று போட்டிருந்தால் கேஷ் 50 எம்பியில் முட்டி நிற்கும்.

இதற்குப் பிறகும் பிடிபடவில்லையென்றால் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஆஃப்லைன் ஃபைல்ஸ் என்று இறங்குங்கள். ஆபரேஷனல் லாக், ஷேர் ஆன்லைனுக்கும் ஆஃப்லைனுக்கும் மாறும் நேரங்களைக் காட்டும். ஃபைல் வாரியாக விவரம் வேண்டுமென்றால் சிங்க் லாக் என்று இன்னொன்று உண்டு. அது வழக்கமாக மறைந்திருக்கும். வியூ மெனுவில் அனலிட்டிக், டீபக் லாக்குகளைக் காட்டச் சொல்லி, பிறகு அதை இயக்க வேண்டும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

பழைய ஃபோல்டரில் சிங்க் ஆகாத வேலை மாட்டிக்கொண்டிருந்தால் மிகப் பத்திரமான வழி, கேஷ் லொகேஷன் மதிப்பை நீக்கி ரீஸ்டார்ட் செய்வது. பழைய கேஷ் சேதமில்லாமல் இருந்தால் மறுபடி உயிர்பெறும். நெட்வொர்க்கில் இணைத்து சிங்க் செய்து, பட்டியல் காலியானதும் மறுபடி டி டிரைவுக்கு மாற்றலாம். அது முடியாவிட்டால் ரோபோகாப்பி கட்டளையை அட்மினாக /பி சுவிட்சுடன் இயக்குங்கள். பேக்கப் முறையில் படிப்பதால் ஓனர்ஷிப் எடுக்காமலேயே, பழைய அனுமதிகளைக் கெடுக்காமலேயே நேம்ஸ்பேஸிலிருந்து நகலெடுக்கும். நேரே சர்வர் ஷேர் மேல் கொட்டாதீர்கள். தனி ஃபோல்டரில் எடுத்து, தேதி பார்த்து ஒப்பிடுங்கள். பயனர் பின் செய்யாமல் விண்டோஸ் தானாகச் சேமித்த ஃபைல்களில் சில பாதிதான் இறங்கியிருக்கும். அளவு முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே பூஜ்ஜியங்கள் இருக்கலாம். திறந்து பார்க்காமல் எதையும் சர்வரில் மேலெழுத வேண்டாம்.

சி டிரைவில் இடத்தை விடுவிப்பது இதெல்லாம் முடிந்த பிறகுதான். லொகேஷன் புது இடத்தைக் காட்டி, எல்லாப் பயனர்களின் சிங்கும் சுத்தமாக முடிந்து, லேப்டாப்பை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து ஃபைல்கள் திறக்கின்றன என்று பார்த்த பிறகு, டேக்ஓன் கட்டளையால் பழைய சிஎஸ்சியின் ஓனர்ஷிப்பை அட்மினுக்கு எடுத்து, ஐகேக்கில்ஸ் வழியாக முழு அனுமதி கொடுத்து, ஆர்டி /எஸ் கட்டளை கொண்டு நீக்குங்கள்.