குமிழைத் திருகும் முன் கிளிக்கை எண்ணுங்கள்

போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பாஸ். இரண்டாவது முறை எழுதி வாங்கியது. செந்தூலில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லும்போது எனக்குக் குரலே எழும்பவில்லை. அடுத்த அணியில் ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) செய்முறைத் தேர்வுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காகச் சூடு ஆறுமுன் எழுதுகிறேன். கழற்றி மாட்டுவது, கேஜ் வைத்துப் பார்ப்பதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். ஆளை விழுத்தாட்டுவது ஸ்கோப் (துப்பாக்கி மேல் பூட்டும் குறிநோக்கி) மேசைதான்.

போன வருடம் என் முன்னால் வைத்தது ஒரு .308 ரகக் குண்டு போடும் போல்ட் (கையால் இழுத்துத் தள்ளும் தாழ்) துப்பாக்கி. 100 மீட்டரில் ஜீரோ செய்து (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து), பிறகு மேல்-கீழ் குமிழைக் கிளிக் கிளிக்காகத் திருகி 600 மீட்டருக்கு ஏற்றிக் காட்ட வேண்டும். 100-ல் மூன்று குண்டும் ஒட்டினாற்போல் விழுந்தன. மனம் குளிர்ந்துவிட்டது. ஏற்ற ஆரம்பித்தேன். நாற்பதாவது கிளிக்கில் குமிழ் நின்றது. விரல் வலிக்கத் திருகியும் அசையவில்லை. ‘ஸ்கோப் உள்ளே பழுது’ என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். துவான் (தேர்வு வைத்த அதிகாரி) கேட்டது ஒரே கேள்வி: “பெராப்பா கிளிக் திங்கால்?” ஜீரோ செய்த பிறகு மேலே எத்தனை மிச்சம் என்கிறார். நான் எண்ணவே இல்லை. பெயில்.

ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை. 20 எம்.ஓ.ஏ (ஒரு எம்.ஓ.ஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) சரிவுள்ள ரெயிலை, அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் பட்டையை, முன்பின் மாற்றிப் பூட்டி வைத்திருந்தார்கள். தடித்த முனை கண் பக்கம் இருக்க வேண்டும்; அன்று குழல் பக்கம் இருந்தது. கணக்கு இதுதான். அந்த ஸ்கோப்பின் மொத்த ஓட்டம் 60 எம்.ஓ.ஏ. கால் எம்.ஓ.ஏ-க்கு ஒரு கிளிக் என்றால் 240 கிளிக். நடுவிலிருந்து மேலே 30, கீழே 30. ரெயில் சரியாக இருந்தால் அதன் 20-உம் மேலே சேர்ந்து, 100-ல் ஜீரோ செய்த பிறகும் மேலே ஏறக்குறைய 50 கிடைக்கும். திருப்பிப் பூட்டினால் ஜீரோவுக்கே 20 செலவாகிவிடும், மிச்சம் 10, அதாவது 40 கிளிக். 600 மீட்டருக்கு .308 கேட்பது 15-க்கு மேல். விடை அந்த நாற்பதிலேயே இருந்தது. வகுப்பில் இதை யாரும் சொல்லித் தராதது இன்னும் எனக்கு மனத்தாங்கல்தான்.

இந்தப் பாடத்தைத் துப்பாக்கி வைத்து வீட்டில் பழக முடியாது. நம் மலேசியாவில் ஆயுதச் சட்டம் 1960 இருக்கிறது. நான் பழகியது மைலோ டின் மூடியில். மூடியைக் கவிழ்த்து, உள்ளே 50 சென் காசைப் போட்டேன். காசு நடுவில் இருந்தால் மேலும் கீழும் தாராளமாக ஓடும். இடது ஓரத்தில் ஒட்ட வைத்து மேலே தள்ளிப் பாருங்கள், வளைவு வழிவிடாது. ஸ்கோப்பின் உள்குழாயும் அப்படித்தான் வட்டத்துக்குள் ஓடுகிறது. இட-வல குமிழைக் கோடிக்குக் கொண்டுபோனால் மேல்-கீழ் ஓட்டம் சுருங்கிவிடும்.

இந்த வருடம் வந்ததும் அதே கேள்விதான், வேறு வேஷத்தில். ஏறவில்லை என்று எழுதியிருந்தது. நான் மேல்-கீழ் குமிழைத் தொடவே இல்லை. இட-வலத்தை எண்ணினேன்: ஒரு பக்கம் ஒன்பது கிளிக்தான் மிச்சம். முன் ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) ரெயிலில் சரியாக உட்காராமல் கோணி நின்றது. கழற்றித் துடைத்து உட்கார வைத்து, ஸ்கோப்பை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினேன். ஏற்றமும் தானாகத் திரும்பி வந்தது.

நான் போகும் வரிசை:

- முதலில் இரண்டு குமிழையும் கோடியிலிருந்து கோடி வரை எண்ணிப் பாதிக்கு வாருங்கள். கோடியில் அழுத்தாதீர்கள், பொருள் கெடும்.
- நேரம் இருந்தால் கண்ணாடி முறை: முன்வில்லையைக் கண்ணாடியில் ஒட்ட வைத்து, குறைந்த பவரில் பாருங்கள். குறுக்குக்கோடும் அதன் பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நடு.
- கீழே இறங்கும்போது நின்றால் ஜீரோ ஸ்டாப்பை (ஜீரோவுக்குக் கீழே குமிழ் போகாமல் நிறுத்தும் தடையை) தளர்த்திப் பாருங்கள். அது ஸ்கோப்பின் எல்லை இல்லை.
- ரெயிலின் எந்த முனை தடிப்பு? விரலால் தடவுங்கள், கண்ணை நம்பாதீர்கள்.
- ரெயிலின் முன் ஸ்குரு நீளமாக இருந்தால் போல்ட் உரசும்.
- 100 மீட்டரில் கால் எம்.ஓ.ஏ என்றால் சுமார் 7 மி.மீ, 0.1 மில் (இன்னொரு கோண அளவு) என்றால் 10 மி.மீ. குமிழில் எது எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத் தொடுங்கள்.

நான் நிதானமான ஆள், அதனால் சுடுவதற்கு முன்பே பத்து நிமிடத்தை எண்ணுவதில் செலவழித்தேன். பக்கத்து மேசை அண்ணன் சுட்டுப் பார்த்துத்தான் யோசிப்பார், அவரும் பாஸ். ஆனால் மிச்ச கிளிக் எண்ணிக்கையை மட்டும் அவரும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்.

இன்னொன்று. மிச்சத்தை மலாயில் சொல்லிப் பழகுங்கள்: நாயிக் (மேலே) இத்தனை, தூருன் (கீழே) இத்தனை, கீரி (இடது), கானான் (வலது). எனக்குப் பதற்றத்தில் கீரியும் கானானும் மாறிவிட்டன; துவான் மறுபடி கேட்டார். தாளில் அம்புக்குறி போட்டு வைத்திருந்ததால் அதைக் காட்டினேன்.