வெள்ளை இறகும் வெளுத்த ஈரலும்

எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பித்த சேர், ஒரு சொல்லின் கருத்தைச் சொன்னதோடு விடமாட்டார். அதை யார், யாரைப் பார்த்துச் சொன்னது என்றும் கேட்பார். துணிவில்லாதவர்களை ஏசும் சொற்களை அவர் படிப்பித்த பாடம் எனக்கு மறக்கவே இல்லை.

'கவர்ட்' என்பது வாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. 'பியூசிலானிமஸ்' என்றால் மிகச் சிறிய மனம் படைத்தவர். 'கிரேவன்', 'சிக்கன்', 'யெல்லோ' எல்லாம் விரைவாகப் போயின. 'லிலி லிவர்ட்' வந்ததும் சேர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். துணிவு ஈரலில் இருக்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். இரத்தம் ஊறாத ஈரல் லில்லிப் பூப்போல வெளுத்திருக்குமாம். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மக்பெத் அரசன் இப்படி ஏசுவது, பத்தாயிரம் பேர் படையெடுத்து வருகிறார்கள் என்று சொல்ல ஓடிவந்த வேலைக்காரப் பெடியனை. "தம்பிமார், இதில் உண்மையில் பயந்தது யார்?" என்று சேர் கேட்டார். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இங்கிலாந்துக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி எனக்கு இன்னும் பெரிதாகிவிட்டது. வாலில் வெள்ளை இறகுள்ள சேவல் சண்டைக்கு உதவாது என்பது இங்கே பழைய நம்பிக்கை. முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டன் நகரில், சார்ள்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஓய்வுபெற்ற அட்மிரல் பெண்களைத் திரட்டி, சீருடை அணியாத ஆண்களைக் கோழைகள் என்று வெட்கப்படுத்த, அவர்கள் கையில் வெள்ளை இறகைக் கொடுக்க வைத்தார். லீவில் வந்து சாதாரண உடுப்போடு திரிந்த படைவீரர்களுக்கும் அது கிடைத்தது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு நினைவிடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். கண் கட்டப்பட்ட இளைஞனின் சிலைக்குப் பின்னால் வரிசையாக மரக்கம்பங்கள். முதல் உலகப் போரில் தப்பியோடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகத் தங்கள் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006 இல்தான் மன்னிப்புக் கிடைத்தது.

ஊரை விட்டு வெளிக்கிட்டவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று ஏசியதை நாங்களும் கேட்டிருக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்த தாய்மாரை அந்தச் சொல்லால் அழைக்க எனக்கு ஒருநாளும் மனம் வராது.

சேர் ரோணியோ என்ற பிரதியெடுக்கும் இயந்திரத்தில் அடித்துத் தந்த அந்தச் சொற்பட்டியல் எவரிடமாவது இருந்தால், தயவுசெய்து சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த மலரில் அப்படியே அச்சிடலாம்.