கோப்பைத் திறக்கத் தெரியாதவனின் நாட்குறிப்பு

மார்ச் 4

பைத்தான் என்ற நிரலாக்க மொழியைக் கற்கத் தொடங்கிய பின் எழுதும் முதல் உருப்படியான நிரல் இது. படிக்கும்போது எதிர்ப்படும் புதுச் சொற்களை ஓர் உரைக்கோப்பில் வரிக்கு ஒன்றாகச் சேர்த்து வருகிறேன். நிரல் அதைப் படித்து, இரட்டித்த சொற்களை நீக்கி, அதே கோப்பில் திரும்ப எழுத வேண்டும். முதல் ஓட்டத்திலேயே கோப்பு இல்லை என்று நின்றுவிட்டது. கண்ணெதிரே நிரலுக்குப் பக்கத்தில் கிடக்கும் கோப்பை இல்லை என்கிறதே என்று எரிச்சல்பட்டேன். நடப்புக் கோப்புறையைச் சொல்லும் ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி என்ற கட்டளை என்ன தருகிறது என்று அச்சிட்டுப் பார்த்த பிறகே விளங்கியது: வெறும் பெயரைக் கொடுத்தால் பைத்தான் தேடுவது நிரல் இருக்கும் கோப்புறையில் அன்று, நிரலை எந்தக் கோப்புறையிலிருந்து இயக்குகிறோமோ அங்கே. என் எடிட்டர் ஒரு படி மேலேயிருந்து இயக்கியிருக்கிறது.

மார்ச் 5

முழுப் பாதையையும் கொடுத்தேன். பிழை எண் 22 வந்தது. பிழைச்செய்தியை எழுத்தெழுத்தாகப் பார்த்தபோது, பாதையில் மற்ற பின்சாய்கோடுகள் எல்லாம் இரண்டிரண்டாக நிற்க, ‘நியூ’ என்ற கோப்புறைப் பெயருக்கு முன்னால் மட்டும் ஒற்றையாக நின்றது. பின்சாய்கோட்டை அடுத்து ஆங்கில ‘என்’ வந்ததால் பைத்தான் அதைப் புதுவரி என்று எடுத்துக்கொண்டதாம். முன்சாய்கோடாக மாற்றினேன், தீர்ந்தது.

மார்ச் 6

கோப்பு திறந்தது, ஆனால் 0எக்ஸ்8டி என்ற பைட்டை வாசிக்க முடியவில்லை என்று யூனிகோட்டிகோட்எரர், அதாவது பைட்டுகளை எழுத்துகளாக மாற்ற முடியாத பிழை. சோதனைக்காக ‘மழை’ என்ற ஒற்றைச் சொல்லை வேறொரு கோப்பில் இட்டுப் படித்தேன். பிழை வரவில்லை, மூன்று குறியீடுகளாக (ம, ழ, ஐகாரக்குறி) இருக்க வேண்டிய சொல் ஒன்பது எழுத்துக் குப்பையாகத் திரையில் வந்தது. ‘பால்’ என்று மாற்றியதும் பிழை திரும்பியது.

குற்றவாளி புள்ளி! எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் குறியாக்கங்களுள் ஒன்றான யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். புள்ளியின் கடைசி பைட் 8டி. நான் குறியாக்கம் எதையும் குறிப்பிடாததால், என் விண்டோஸ் கணினியில் பைத்தான் அந்தக் கோப்பை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான சிபி1252 அட்டவணைப்படி அமைந்தது என்று கருதிக்கொண்டது. அந்த அட்டவணையில் காலியாக உள்ள ஐந்து இடங்களுள் 8டியும் ஒன்று. உகரக்குறி, ஏ, ஐ ஆகியவையும் இதே பள்ளத்தில் விழுகின்றன. இவை எதுவும் இல்லாத சொல்லை நிரல் சத்தமின்றிக் குப்பையாக்கிவிடுகிறது. அதற்கு நின்றுவிடுவதே மேல். கோப்பைத் திறக்கும் ஓப்பன் கட்டளையில் என்கோடிங் (குறியாக்கம்) யுடிஎஃப்-8 என்று சேர்த்தேன்.

மார்ச் 8

சொற்பட்டியல் போய்விட்டது. படிக்கும் வரியில் சேர்த்த என்கோடிங்கை எழுதும் வரியில் சேர்க்க மறந்திருக்கிறேன். எழுதுவதற்கான ‘டபிள்யூ’ முறையில் திறந்த கணத்திலேயே கோப்பு காலியாகிவிடும். அதன் பிறகு முதல் சொல்லை எழுதப் போன இடத்தில், சிபி1252இல் தமிழ் எழுத்தே இல்லாததால் நிரல் முறிந்தது. மிஞ்சியது 0 பைட் கோப்பு. பத்து நாள் பழைய நகல் ஒன்று பென்டிரைவில் கிடைத்தது. இடையில் சேர்த்த சொற்கள் போனவை போனவைதாம்.

மார்ச் 9

இனி மூலக்கோப்பை நேரடியாகத் தொடுவதில்லை. தற்காலிகப் பெயரில் ஒரு கோப்பைத் திறந்து முழுவதையும் எழுதி, கோப்பைத் தானாக மூடும் வித் தொகுதி முடிந்து கோப்பு மூடப்பட்ட பின்னரே, ஓஎஸ்.ரீபிளேஸ் கொண்டு பழையதன் இடத்தில் அதை வைக்கிறேன். இடையில் நிரல் முறிந்தாலும் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். வேண்டுமென்றே எழுதும் வரியின் என்கோடிங்கை அழித்து ஓட்டிப் பார்த்தேன், இருந்தது.

மார்ச் 11

பட்டியலின் முதல் சொல் மட்டும் இரண்டு முறை வருகிறது. சொல்லின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஸ்ட்ரிப் போட்டும் பயனில்லை. நீளத்தை அளந்தால் ஒரு ‘மழை’க்கு 3, மற்றொன்றுக்கு 4. பழைய நகலை நோட்பேடில் திருத்திச் சேமித்தபோது பிஓஎம் என்ற தொடக்கக் குறியுடன் சேமித்திருக்கிறேன். கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறி முதல் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. அது வெற்றிடமாகக் கருதப்படாததால் ஸ்ட்ரிப் அதைத் தொடுவதில்லை. படிக்கும்போது மட்டும், அந்தக் குறியை விட்டுவிடும் யுடிஎஃப்-8-சிக் என்று மாற்றினேன். ஒரே ஒரு ‘மழை’, நீளம் 3.