அண்டாவும் அறுபத்து மூன்று கட்டுரைகளும்

பிப்ரவரி 14

கட்டுரைக் கட்டு இன்று என் மேசைக்கு வந்துவிட்டது. அறுபத்து மூன்று. 28ஆம் தேதி தேசிய அறிவியல் நாளுக்கான பள்ளிப் போட்டி. அறிவியலோ உடல்நலமோ, தலைப்பு அவரவர் விருப்பம், நாலு பக்கம். திருத்த நான் ஒருத்திதான். காரைக்குடி பஸ்ஸில் மடியில் வைத்தே பிரித்துப் பார்த்தேன்: டெங்கு 19, சீமைக் கருவேலம் 11, இரத்தசோகை 8, சர் சி.வி. ராமன் 7, மிச்சம் உதிரி.

ராமன் ஏழும் ஒரே அச்சு. 1928 பிப்ரவரி 28, 1930இல் நோபல், கடல் ஏன் நீலம். ஏழிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. பத்து நிமிடத்தில் ஏழும் முடிந்தன.

பிப்ரவரி 16, ஞாயிறு

சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறதாம். கரியமில வாயுவை மட்டும்தான் வெளிவிடுமாம். பதினொன்றில் ஒன்பது இப்படி. வாட்ஸப் புண்ணியம். பச்சை இலையுள்ள எந்த மரமும் பகலில் கரியமில வாயுவை எடுத்து ஆக்சிஜனைத்தான் விடும், போன வருஷம் நானே நடத்திய பாடம். அந்த முள் ஊருணிக் கரையை அடைத்துக்கொண்டு வேறு செடியைத் தலையெடுக்க விடாது, அது உண்மை. அதை எழுதினாலே போதுமே! எழுதியவர்களில் ஒருவன் வீட்டில் அந்த விறகை மூட்டம் போட்டுக் கரி சுடுகிறார்கள். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நாலு பக்கமும் திட்டுதான்.

ராத்திரி டெங்கு. நாலு பேர் டெங்கு கொசுவை ரொனால்ட் ராஸ் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவர் 1897இல் செகந்திராபாத்தில், அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றில் கண்டது மலேரியாக் கிருமியை. டெங்குவைப் பரப்புவது ஏடிஸ், பகலில் கடிப்பது.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கோழி கிளறின கையெழுத்து. "தண்ணி காஞ்சாலும் முட்டை சாகாது. சுவத்துல ஒட்டிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கும்." பேச்சு வழக்கு வேறு. சிவப்பில் கோடு இழுத்து 'தவறு' என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

பிப்ரவரி 17

தவறு என்னுடையது. தூங்குகிறவரை உறுத்திக்கொண்டே இருந்தது, காலையில் தேடிப் படித்தேன். ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டை இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிர் இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். புழு கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்.

அவளைக் கூப்பிட்டு, எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

"படிக்கல டீச்சர். மருந்தடிக்க வந்த அக்கா எங்க அப்பத்தாவைத் திட்டுனாங்க. கொட்டிட்டாப் போதாது, நார் போட்டுத் தேய்ங்கன்னு."

நான் குடியிருப்பது ஒரு பழைய செட்டியார் வீட்டின் இரண்டாங்கட்டில். வளவில், அதாவது நடு முற்றத்தில், ஓட்டுக்கூரைகள் சேரும் கூடல்வாய்க்குக் கீழே மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு பித்தளை அண்டா எப்போதும் இருக்கும். பொங்கலை ஒட்டிப் பெய்த மழையைப் பிடித்து, கொட்டி, ஒரு மாதமாகக் காய்ந்து கிடக்கிறது. சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே, பழைய நீர்க்கோட்டின் மேல், எள்ளைவிடப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். அழுக்காகவும் இருக்கலாம். தண்ணீரை நிறைத்து, வேறு கொசு வந்து முட்டையிட்டது என்று நாளைக்கு நானே சாக்குச் சொல்லாதபடி, பழைய வேட்டியால் வாயை இறுக்கிக் கட்டினேன்.

"என்ன டீச்சரம்மா, அண்டாவுக்கு முக்காடு போட்டிருக்கீக?" என்றார் வீட்டுக்கார ஆச்சி. சோதனை என்றேன். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டு மாதிரித் தெரியவில்லை.

பிப்ரவரி 18

இரத்தசோகை. எட்டிலும் முருங்கைக்கீரை, எட்டிலும் பேரீச்சம்பழம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையின் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்று ஒருத்தரும் எழுதவில்லை. இரண்டு மணிக்கு டீ கிளாஸோடு நிற்கிற எங்கள் ஆசிரியர் அறையைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் எப்படி எழுதும்?

ஒன்பதாம் வகுப்பு ஒருத்தி கடைசிப் பக்கத்தில் மட்டும் உண்மை பேசியிருக்கிறாள். வாராவாரம் கொடுக்கிற நீல மாத்திரையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டுவிடுவாளாம். வயிற்றைப் பிரட்டுகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது, பயம். அந்த மாத்திரையில் இரும்புச்சத்து 60 மில்லிகிராம், கூட ஃபோலிக் அமிலம். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்புதான் கறுப்பாகப் போகிறது, கெடுதல் இல்லை. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு போட்டால் பிரட்டல் குறையும். இதை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மாத்திரையை எண்ணிக் கொடுத்து ரிஜிஸ்தரில் டிக் போட்டதோடு சரி.

தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அவள் ஒருத்தி போட்டது மட்டும் இல்லை.

பிப்ரவரி 20

வேட்டியை அவிழ்த்தேன். புழு. குட்டிக் காற்புள்ளிகள் மாதிரி, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு ஓடின. ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இத்தனை வருஷமா இதுலதானே மழைத்தண்ணி பிடிக்கிறோம்" என்றார், ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு. வாசல் வெயிலில் கொட்டி, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன்.

பள்ளியில் அந்தத் தாளை எடுத்து 'தவறு' என்பதை அடித்து, பக்கத்தில் 'சரி' என்று எழுதினேன். வகுப்பிலும் அண்டா கதையைச் சொல்லிவிட்டேன். டீச்சர் தோற்ற கதை என்பதால் கடைசி பெஞ்சுகூடக் கேட்டது.

பிப்ரவரி 21

உதிரியில் ஒரு முத்து. ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிறவர் மகன். "கல்லைக் காயவைக்கத் தண்ணிக்குள்ள போடுவோம்" என்று தொடங்குகிறான். போன வாரம் என்றால் அதற்கும் கோடு விழுந்திருக்கும். சிமெண்டு ஈரம் வற்றி இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஈரம் சீக்கிரம் போய்விட்டால் கல் பலமில்லாமல் உதிரும். அவன் வினை என்ற சொல்லையே எழுதவில்லை. கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்துச் சாயம் ஊற்றுவது, மேலே சிமெண்டும் மணலும், மறுநாள் தொட்டி என்று ஒழுங்காகச் சொல்கிறான். பளபளப்புக்கும் காரணம் சொல்லியிருக்கிறான்: "கண்ணாடி மேல குப்புறப் படுத்ததால மூஞ்சி கண்ணாடியாயிருது."

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி பற்றி இரண்டு. இரண்டிலும் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர், 15 லட்சம், 1948 ஜூலை 25 நேரு அடிக்கல். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருத்தி மட்டும் வாசல் காவலரைக் கேட்டிருக்கிறாள். "இரும்பு துருப்பிடிக்காம பாத்துக்கிறாங்க" என்றாராம். மின்வேதியியல் ஆய்வகத்தின் ஒரு பாதியை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

பிப்ரவரி 28

பரிசு கொடுத்தாயிற்று. கல் போடுகிறவர் மகனுக்கு முதல் பரிசு, கொசுக்காரிக்கு இரண்டாவது. மணிமணியான கையெழுத்துக்கு ஒன்றும் இல்லையா என்று தலைமையாசிரியருக்கு வருத்தம். மூன்றாவதை ராமனுக்குக் கொடுத்துச் சமாளித்தேன், ஏழில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்து எழுதிய ஒன்றுக்கு என்று சொல்லலாம் என நினைத்தால், அப்படி ஒன்று இல்லை. குலுக்கல் மாதிரிதான்.

தாளை வாங்கிக்கொண்டும் கொசுக்காரி போகவில்லை.

"டீச்சர், அண்டாவைத் தேச்சீங்களா?"

"தேச்சுட்டேன்."

"வாய் மடிப்புக்கு உள்ளேயும்?"

வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் வளவுக்குப் போனேன். அண்டாவின் விளிம்பு உள்பக்கம் சுருண்டிருக்கிறது. அதற்குள் நார் போகாது. பழைய பல் விளக்கும் பிரஷ் ஒன்று இருக்கிறதா என்று ஆச்சியைக் கேட்டிருக்கிறேன்.