கழுவலாமா, ஊறணுமா? – ஒரு பயிற்சி வீடியோவின் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சேலம்

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது வாடிக்கையாளரிடம் காட்டும் வேலைத் தொகுப்புக்கு, ஒரு மாதிரிப் பாடம். களம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம். அராபிகா அறுவடைக் காலம் என்பதால் பழமும் ஆளும் கிடைக்கும்.

'காயைப் பறிக்காதீர்கள்' என்று வீடியோ எடுக்கலாம் என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அது வேண்டாம். பழம் எது, காய் எது என்று தெரியாமலா கூடையில் காய் விழுகிறது? கூலி கிலோ கணக்கு என்றால், கொப்பை அப்படியே உருவினால் எடை சீக்கிரம் ஏறும். தெரிந்தே செய்வதைப் பாடம் நடத்தி நிறுத்த முடியாது. கூலி முறையைத்தான் திருத்த வேண்டும். பயிற்சி வடிவமைப்பு பற்றி எழுதிய அமெரிக்கர் ராபர்ட் மேகர் இதற்கென்றே ஒரு கேள்வி வைத்திருந்தார்: உயிரே போகும் என்றால் அவரால் அதைச் சரியாகச் செய்ய முடியுமா? முடியும் என்றால் குறை பயிற்சியில் இல்லை. வாடிக்கையாளரிடம் இதைக் கேட்கத் துணிபவரைத்தான் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் (பயிற்சியை வடிவமைப்பவர்) என்று சொல்லலாம். மற்றதெல்லாம் எடிட்டிங் வேலை.

ஜனவரி 6

தலைப்பு முடிவாகிவிட்டது: ஊறல் தொட்டி. பழத்தின் தோலுரிக்கும் எந்திரமான பல்ப்பரில் தோல் நீங்கிய கொட்டைமேல் வழவழவென்று பசை ஒட்டியிருக்கும். தொட்டியில் ஊறி அது கழன்ற பிறகே கழுவ வேண்டும். 24 மணி நேரத்தில் முடிவதும் உண்டு, குளிர் கூடினால் 36ஐத் தாண்டுவதும் உண்டு. கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. அவசரப்பட்டுக் கழுவினால் பசை மிஞ்சும், களத்தில் காயத் தாமதமாகும், பூஞ்சை பிடிக்கும். விட்டுவைத்தாலோ புளிப்பேறி, அந்த வாடை டம்ளர்வரை வரும்.

சோதனை கையில்தான் இருக்கிறது. ஒரு பிடி அள்ளி, தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். விரலிடுக்கில் நழுவினால் இன்னும் ஊறணும். சரளைக்கல் போலக் கரகரத்தால் கழுவலாம். கம்பைக் குத்தி உருவினால் குழி மூடாமல் நிற்பது இன்னொரு அடையாளம். இதை எழுதிக் கொடுத்தால் புதிதாய் வந்தவருக்கு விளங்காது, காட்டினால் பத்து நொடி போதும். வீடியோவுக்குச் செலவழிக்க இதுதான் நியாயம்.

குறிக்கோள்: 'தொட்டியருகே நின்று, ஒரு பிடி அலசிப் பார்த்து, கழுவலாமா ஊறணுமா என்று பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்வார்.' இடம், செயல், அளவு மூன்றும் இருக்கின்றன. 'புரிந்துகொள்வார்' என்று எழுதினால் அளக்க வழியே இல்லை.

ஜனவரி 8

ஸ்டோரிபோர்டு, அதாவது படமெடுக்கும் முன் காட்சி காட்சியாக எழுதும் திட்டம். நான்கு பத்திகள்: காட்சி, குரல், திரை எழுத்து, எடிட்டருக்கான குறிப்பு. வீடியோ 3 நிமிடம். தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் வரும். கை தேய்க்கும் காட்சியில் குரல் ஓய்ந்து கரகர ஒலி மட்டும் கேட்க வேண்டும் என்பதால் மொத்தம் 220 சொல்லுக்குள் முடிக்க வேண்டும். குரல் சொல்வதையே திரையிலும் எழுதினால் பார்ப்பவர் வாசிக்கப் போய்விடுவார், கையைக் கவனிக்க மாட்டார். திரையில் 'நழுவுது', 'கரகரக்குது' என்ற இரண்டே சொல்.

மேஸ்திரியிடம் வரி வரியாக வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கியாக வேண்டும். தாளில் திருத்தச் செலவில்லை. படமெடுத்த பிறகு திருத்தினால் மறுபடி 20 கொண்டை ஊசி வளைவு.

ஜனவரி 11, ஏற்காடு

மலையேறும்போது வண்டியில் ஏசி வேண்டாம். குளிர்ந்த லென்ஸை ஈரக்காற்றில் எடுத்தால் பனி படியும், துடைக்கத் துடைக்கப் படியும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறந்தால் தொல்லையில்லை.

கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம் (படம்), ஷட்டர் திறந்திருப்பது 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கொட்டகை விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். போனின் வழக்கமான 30 ஃபிரேமும் 1/60ம் வைத்தால் படத்தில் பட்டை ஓடும். வேறு வழியில்லையென்றால் 1/100 வைக்கலாம்.

ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டித்தான் வர வேண்டும். ஸ்டுடியோவுக்குள் ஒலி சொன்னபடி கேட்கும். இங்கே பல்ப்பர் மோட்டாரை நமக்காக யார் நிறுத்துவார்கள்? ஆகவே குரலைப் பின்னால் சேலத்தில் பதிவது. கரகர ஒலியை மட்டும் மோட்டார் ஓடாத வேளையில், மைக்கைக் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துத் தனியே எடுப்பது. சும்மா இருக்கும் கொட்டகையின் ஒலியும் 30 நொடி வேண்டும். எடிட்டில் வெட்டிய இடங்களை அதுதான் மறைக்கும்.

ஜனவரி 14

பொங்கல். தெருவெல்லாம் ஒலிபெருக்கி. குரல் பதிவுக்கு 17க்குப் பிறகுதான் வழி.

ஜனவரி 18, சேலம்

போனில் எடுத்ததை அப்படியே டைம்லைனில் போட்டால் போகப் போக உதடும் ஒலியும் விலகும். போன் ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவதே காரணம். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 25க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' உடைந்து நின்றால் ஃபான்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். அமைப்பில் கிராஃபிக்ஸ் பகுதியில் தெற்காசிய எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சப்டைட்டில் எஸ்.ஆர்.டி. கோப்பை யூ.டி.எஃப்-8இல் சேமிக்காவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

ஜனவரி 21

தோட்டத்துக்கு வாட்ஸ்அப் போதும். கம்பெனிகளுக்குக் காட்ட அதே பாடம் ஸ்கார்ம் பொதியாகவும் வேண்டும். ஆன்லைன் பாடங்களை நடத்தும் எல்.எம்.எஸ். மென்பொருளில் பாடம் ஓடுவதற்கான பொது வடிவம் அது. ஸ்கார்ம் 1.2இல் 'விட்ட இடம்' சேமிக்க 4,096 எழுத்துதான் இடம். கேள்விகளும் கிளைகளும் பெருகினால் அது நிரம்பிவிடும். திரும்பி வருபவர் மறுபடி முதல் பக்கத்திலேயே நிற்பார். பாடத்தைத் துண்டாக்கலாம், அல்லது எல்.எம்.எஸ். ஏற்றால் ஸ்கார்ம் 2004இன் மூன்றாம் பதிப்புக்குப் போகலாம்.

ஜனவரி 24

போர்ட்ஃபோலியோ பக்கத்தில் வீடியோ நடுவில்; மேலே 4ஆம் தேதிக் காரணமும் குறிக்கோளும், கீழே ஸ்டோரிபோர்டு முழுசாக. பளபளப்பான வீடியோ எல்லோரிடமும் இருக்கிறது. எந்தத் தலைப்பை ஏன் கைவிட்டோம் என்று காட்டுபவர் குறைவு.

விலைப்புள்ளியில் முடிந்த நிமிடத்துக்கு இவ்வளவு என்று போடலாம், ஆனால் ஸ்டோரிபோர்டுக்குத் தனித்தொகை. திருத்தம் இரண்டு சுற்று. ஒப்புதலுக்குப் பின் வரும் மறுபடப்பிடிப்பு, வண்டி வாடகையோடு, வாடிக்கையாளர் செலவு.