பேக்கப்பைத் திரும்ப இறக்கும்போது கணினி ஏன் திணறுகிறது?

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு 300, 400 ஜிபி பேக்கப் கோப்பு சாதாரணம். அதை வெளி எஸ்எஸ்டியிலிருந்து கணினியின் ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கும்போது மௌஸ் தடுமாறும், பிரவுசர் வெள்ளையாக உறைந்து நிற்கும். உடனே கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போய் மெமரி வாங்கிவிடாதீர்கள். முதலில் விண்டோஸில் உள்ள ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பாருங்கள்.

அங்கே ஒரு நீளப் பட்டை இருக்கும். பச்சை, நிரல்கள் பிடித்து வைத்திருப்பது. அடர் நீலம் ஸ்டேண்ட்பை, அதாவது டிஸ்க்கிலிருந்து படித்த கோப்பின் நகல். வேறு நிரல் இடம் கேட்டால் விண்டோஸ் இதை உடனே விட்டுக்கொடுக்கும். அதனால் 'ஃப்ரீ' என்ற காலி இடம் பூஜ்யத்தைத் தொட்டாலும் பயமில்லை. வில்லங்கம் ஆரஞ்சில்தான். மாடிஃபைட் என்ற அந்தப் பகுதியில் இருப்பது இன்னும் டிஸ்க்கில் எழுதாத தரவு. எழுதி முடிக்காமல் அந்த இடத்தை எடுக்க முடியாது.

கணக்குப் போட்டால் புரியும். எஸ்எஸ்டி நொடிக்கு 400 எம்பி தருகிறது, ஹார்ட் டிஸ்க் 100 எம்பிதான் எழுதுகிறது. நொடிக்கு 300 எம்பி மெமரியில் தேங்கும். பத்தே நொடியில் 3 ஜிபி! இடம் குறைய, சும்மா கிடக்கும் பிரவுசர் மெமரியில் வைத்திருப்பதை, மெமரி போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் பேஜ் ஃபைல் என்ற கோப்புக்கு விண்டோஸ் தள்ளும். பேஜ் ஃபைலும் அதே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், பிரவுசரைச் சொடுக்கியதும் அது பேக்கப்புக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

கோப்பை நகலெடுக்க மட்டும் என்றால் விண்டோஸின் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையின் கடைசியில் சாய்கோடு போட்டு ஜே எழுத்தைச் (/J) சேருங்கள். மெமரியில் தரவைத் தேக்கும் கேஷைத் தொடாமல் நேராக எழுதும். பெரிய கோப்புகளுக்குத்தான் இது சரி, ஆயிரக்கணக்கான சின்னப் படங்களுக்கு உதவாது. பேக்கப் மென்பொருளே பிரித்து இறக்குகிறது என்றால், விண்டோஸும் பேஜ் ஃபைலும் இல்லாத வேறு டிஸ்க்கைக் காட்டுங்கள். மெமரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். அவற்றில் பல காலி செய்வது தொந்தரவு தராத ஸ்டேண்ட்பையைத்தான்.

லினக்ஸிலும் இதே கதைதான். எழுதாத தரவு, கிடைக்கும் மெமரியில் 20 சதவீதம்வரை தேங்க வழக்கமான அமைப்பு விடும். இந்தத் தேக்கத்தின் உச்சவரம்பான டர்ட்டி பைட்ஸ் அளவை 256 எம்பியாகவும், பின்னணியில் எழுதத் தொடங்கும் அளவான டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸை 64 எம்பியாகவும் வைத்தால் கணினி மூச்சுவிடும். வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து முடிந்தது என்று திரை சொன்னாலும், தேங்கியதை எழுதி முடிக்கும் சிங்க் கட்டளை முடியும்வரை அதன் கேபிளைப் பிடுங்காதீர்கள்.