மாசி மகத்துக்குப் பிறகு

மார்ச் 13, வியாழன்

பட்டர்வொர்த் மாமா கருவியை ஃபெரியில் கொண்டுவந்து கொடுத்தார். மைன்லாப் ஈக்வினாக்ஸ் 800, மண்ணுக்குள் உலோகம் தேடுவது. "தண்ணீருக்குள் மூன்று மீட்டர் வரை தாங்கும். உப்புதான் உன்னைப் படுத்தும்" என்றார். அம்மா பக்கத்தில்தான் இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. மாசி மகத் தெப்பத்தன்று கடலில் தொலைந்த தாலிக்குப் பதிலாகக் கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் மஞ்சள் கிழங்கு.

மார்ச் 14, வெள்ளி

அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் தேதி சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

பௌர்ணமி ஒட்டிய நாள் என்பதால் பினாங்கின் தெலுக் பஹாங்கில் கடல் நன்றாக வற்றியிருந்தது. தெப்பம் இறங்கிய இடத்துக்கு நேராக ஆரம்பித்தேன். காய்ந்த மணலில் உணர்திறனை 22 வரை ஏற்றியும் கருவி அமைதியாக இருந்தது. ஈர மணலில் கால் வைத்ததும் கத்தத் தொடங்கியது. உப்புநீர் மின்சாரம் கடத்தும். கருவி அதையும் ஓர் உலோகமாக எடுத்துக்கொள்கிறது. எது அகப்பட்டாலும் திரையில் அதற்கு ஓர் எண் காட்டும். அந்தப் பொய்க்குரல் வரும் எண்களும் மெல்லிய தங்கம் காட்டும் எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்பதுதான் கொடுமை. உணர்திறனை 18க்கு இறக்கினேன். கருவியின் அடியிலுள்ள வட்டச் சுருளை மணலுக்கு மேலே ஏற்றி இறக்கி நிலத்தோடு சமன் செய்த பிறகு காது கொஞ்சம் ஆறியது.

என் சங்கிலியை நூலில் கட்டி ஈர மணலில் புதைத்துப் பார்த்தேன். நல்ல கனமான 916. அரை மூச்சு அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை! ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் தொடர்பு தளர்ச்சியாக இருப்பதால், கருவிக்கு அது ஒரு சங்கிலி இல்லை, தனித்தனிப் பொடி வளையங்கள். மோதிரத்தைப் புதைத்தபோது மட்டும் தெளிவாக 15 என்றது. அப்படியென்றால் தாலிக்கொடியைத் தேடிப் பயனில்லை. அதில் கோத்த தாலிப் பொட்டைத்தான் தேட வேண்டும். பொட்டு தட்டையாக, முழுதாக இருக்கும், பேசும்.

மார்ச் 17, திங்கள்

பான டின்னின் இழுப்பு வளையமும் 14, 15 என்றே காட்டுகிறது. அன்று கடலில் விட்ட விளக்குகளின் அலுமினியத் தாள் அதற்குக் கீழே. மாமா தொலைபேசியில், "அந்த எண்களை மௌனமாக்கிவிடு, நாள் முழுக்கக் குப்பை தோண்டாதே" என்றார். மாமா பழைய நாணயம் தேடுகிறவர், அவருக்கு அது சரி. எனக்கு முடியாது. குப்பையை மௌனமாக்கினால் அம்மாவின் தாலியும் அதோடு மௌனமாகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே வரும் இரும்பை மட்டும் அடக்கியிருக்கிறேன். அதுவும் மனம் ஒப்பாமல்தான். ஒரு துருப்பிடித்த ஆணிக்கு அருகே பொட்டு கிடந்தால் ஆணி அதை மறைத்துவிடும். அதனால் மீட்சி வேகத்தை 6ஆகக் கூட்டி, கையை மெதுவாக வீசுகிறேன். இரண்டு சத்தங்களுக்கு நடுவே கருவி மூச்சு விட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு பை நிறைய டின் வளையம். எல்லாவற்றையும் கழுவி எண்ணெய்ச் சட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

மார்ச் 19, புதன்

காற்று. போகவில்லை.

மார்ச் 22, சனி

தேய்பிறை நடுவில் கடல் பாதிகூட வற்றுவதில்லை. முழங்கால் நீரில் நின்று கருவியின் 'கடற்கரை 2' முறையில் தேடினேன். உப்பின் இரைச்சலைச் சமாளிக்க அந்த முறையில் கருவி தன் வீச்சைத் தானே குறைத்துக்கொள்ளும். அமைதி கிடைக்கும், ஆழம் போகும். கைப்பேசியை அணைத்தபோது இன்னும் அமைதி.

மணலில் மஞ்சளாக ஒன்று மின்னியது. நெஞ்சு அடைத்துப்போனது. 20 சென். 2012இல் வந்த மஞ்சள் காசு.

வலை தைத்துக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர், பாக்சிக், நோன்போடு எழுந்து வந்து தெப்பம் நின்ற இடத்தைக் காலால் கோடு போட்டுக் காட்டினார். நான் தேடிய இடத்திலிருந்து நல்ல தூரம். "மணல் ஓடும். கனமானது ஓடாது, கீழே போகும்" என்றார். எவ்வளவு கீழே என்று கேட்டதற்குக் கைகளை விரித்துக் காட்டினார், ஒரு முழம் இருக்கும். கருவி அந்த ஆழத்தில் ஒரு பொட்டைக் கேட்காது.

மார்ச் 25, செவ்வாய்

அத்தை வந்தார். "அண்ணன் அறுவைக்குப் போகும் முன் புதுத் தாலி வாங்கிக் கட்டிவிட வேண்டும், கயிற்றோடு அங்கே போய் நிற்கக் கூடாது" என்றார். அண்ணி என்று ஒரு சொல் அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, எல்லாம் என்னிடம்தான். அம்மா அரிசி கழுவிக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த கோபத்தில் கருவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். வீட்டு வாசலிலேயே அது கத்தியது. தலைக்கு மேல் மின்கம்பி.

அறுவைச் சிகிச்சைக்கும் தாலிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இல்லை. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 28, வெள்ளி

தேதி கிடைத்துவிட்டது. நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்ததும் அப்பாவைச் சேர்க்க வேண்டும். நாளை அமாவாசை.

மார்ச் 30, ஞாயிறு

பாக்சிக்கின் கோடு வரை கடல் வற்றி நின்றது. கயிறு கட்டி வரிசை வரிசையாகப் போனேன், ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூடும்படி. ஓரிடத்தில் அலை மேல்மணலை வாரிக்கொண்டு போய் கீழே இறுகிய தளம் தெரிந்தது. அங்கே 15. குறுக்கே திரும்பி வீசினேன், மறுபடியும் 15. குப்பையென்றால் எண் குதிக்கும், இது அசையவில்லை. மண்வாரியை மூன்று முறை போட வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் நீர் குழியை மூடியது.

மெட்டி. வெள்ளி. யாருடையதோ.

கோயிலில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பெருநாள் கூட்டம், கடற்கரை முழுக்கப் பிள்ளைகள். கருவியை வெளியே எடுக்கவில்லை. அப்பா கேட்டார், "உன் அம்மா எதற்குக் கடல் வற்றும் நேரத்தைத் தாளில் எழுதிவைத்திருக்கிறாள்?" எனக்கே அப்போதுதான் தெரியும்.

இரவு அம்மா தானாகவே வந்து உட்கார்ந்தார். எந்தச் சத்தம் இரும்பு, எந்தச் சத்தம் வளையம் என்று கேட்டார். காதில் மாட்டிவிட்டு மோதிரத்தை அசைத்துக் காட்டினேன். மறுபடி காட்டச் சொன்னார்.

நாளை விடியுமுன் கிளம்புகிறோம். உணர்திறன் 18, இரும்பு உட்பட எதையும் மௌனமாக்கவில்லை, அம்மா அப்படித்தான் வேண்டும் என்றார். மின்கலம் ஏறிக்கொண்டிருக்கிறது.